கழிவுநீர்க் கசட்டிலிருந்து மணிச்சத்து: மரக்காணத்துக் கசப்பு நீரைக் கொண்டு ஸ்ட்ரூவைட் எடுக்கும் முறை

புதுச்சேரியில் முந்நூறு பேர் தங்கும் ஒரு மாணவர் விடுதியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நான் பராமரித்து வருகிறேன். ஒரு நாள் கசடு இழுக்கும் பம்ப் முக்கி முனகியது. தண்ணீர் நூலாகத்தான் வந்தது. குழாய் வளையும் முழங்கைத் துண்டைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளைக் கல் படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருந்தது. "சுண்ணாம்புதான் சார், கிணற்றுத் தண்ணீர் உப்பு" என்றார் குழாய் வேலை செய்பவர். ஒரு சில்லை எடுத்து அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நுரைத்துப் பொங்கியிருக்க வேண்டும். இது பொங்கவில்லை, சத்தமில்லாமல் கரைந்தது.

அந்தக் கல்லின் பெயர் ஸ்ட்ரூவைட். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சம எண்ணிக்கையில் கைகோத்து, கூடவே ஆறு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொண்டு உருவாகும் படிகம். சிறுநீரகக் கற்களில் ஒரு வகையும் இதுவே. உழவர் கணக்கில் சொன்னால் இதில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் சத்து, ஏறத்தாழ 29 சதவீதம், தழைச்சத்து (நைட்ரஜன்) 5.7 சதவீதம், மக்னீசியம் 10 சதவீதம். குழாயை அடைத்துக்கொண்டிருந்தது உரம். தானாகக் குழாயில் படிவதை, உப்பளத்தில் உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரைச் சேர்த்து, நாம் விரும்பும் தொட்டியில் படிய வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

செய்வதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மனிதரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. அதில் பெரும்பங்கு சிறுநீரில். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை ஆகிய மூன்று சுத்திகரிப்பு நிலையங்களும் தலா 1.7 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டவை. மூன்றும் முழு அளவில் ஓடி, லிட்டருக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் வருகிறது என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 255 கிலோ. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையாக மாற்றினால் தினமும் 25 மூட்டைக்கு ஈடான மணிச்சத்து. இந்தியா பாஸ்பேட் பாறையின் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. உலக இருப்பில் ஏறத்தாழ எழுபது சதவீதம் மொரோக்கோவின் கையில் இருக்கிறது. கடல் கடந்து வந்த சத்து நம் வயிற்றின் வழியாக வாய்க்காலில் இறங்கி, ஏரியில் ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட அளவுள்ள நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன்: எந்தக் கசடு, யார் கை

வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் நிலையத்தின் கசடுதான் வேண்டும். தொழிற்கூடம், சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை ஆகியவற்றின் நீர் கலந்திருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். படிகத்துக்குள் கன உலோகம் குறைவாகவே போகும். ஆனால் எஞ்சும் கசட்டில் அது அப்படியே நிற்கும்.

அடுத்ததாக, உங்கள் நிலையத்தில் படிகாரமோ ஃபெர்ரிக் குளோரைடோ போடுகிறார்களா என்று கேளுங்கள். போட்டால் பாஸ்பேட் அலுமினியத்தோடோ இரும்போடோ இறுகிப் பிணைந்துவிடும். கீழே சொல்லும் முறைக்கு எளிதில் இளகாது. அப்படிப்பட்ட கசட்டை நேராக மட்கச் செய்வதே மேல்.

இறங்கி வேலை செய்வது பற்றி ஒரே வார்த்தை: கூடாது. பாதுகாப்பு ஏற்பாடின்றிக் கசடுத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கும் மேலாக, அது உயிர். மூடிய கசட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று குனிபவர்கள்தான் எழுந்திருப்பதில்லை. எல்லா வேலையும் பம்ப், குழாய், வால்வு வழியாக, திறந்த வெளியில் நடக்க வேண்டும். முழங்கை வரை கையுறை, ரப்பர் காலணி, கண்ணாடி மூன்றும் வேண்டும். நிலையத்தின் உரிமையாளரிடமும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் படி: கசட்டைப் பட்டினி போடாமல் மூச்சடைக்க வையுங்கள்

பலரும் தவறுவது இங்கேதான். புதிதாக இழுத்த கசட்டை வடித்து, வடிநீரில் மக்னீசியம் ஊற்றிவிட்டு, ஒன்றும் படியவில்லை என்று கைவிடுகிறார்கள். படியாது. பாஸ்பரஸ் அப்போது நீரில் இல்லை. பாக்டீரியாவின் உடம்புக்குள் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றுள்ள நேரம், காற்றில்லாத நேரம் என்று மாறி மாறி வரும்போது சில பாக்டீரியாக்கள் பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்து உடம்பில் சேமித்துக்கொள்ளும். தொட்டி நிரம்பும் நேரத்தில் காற்றடிப்பானை நிறுத்தி வைக்கும் பழக்கம் உள்ள நிலையங்களில் இந்தப் பாக்டீரியா நன்றாகப் பெருகும். காற்று முற்றிலும் நின்று, எளிய அமில உணவும் கிடைத்தால், அவை உணவை உள்ளே இழுத்துக்கொண்டு சேமித்த பாஸ்பேட்டை வெளியே விடும். அந்த நேரத்தைத்தான் நாம் உருவாக்குகிறோம்.

சுமார் 1,200 லிட்டர் கசட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் ஏற்றுங்கள். மூடியில் வாயு போக ஒரு குழாய், தலைக்கு மேல் உயரமாக. உணவாக, விடுதிச் சமையலறையின் வடிகஞ்சி ஒரு பக்கெட், இரண்டு நாள் புளிக்க வைத்தது. நெல்லிக்குப்பம் பக்கம் இருப்பவர்களுக்குக் கரும்பாலை வெல்லப்பாகு கிடைத்தால் அரை கிலோ போதும். நீண்ட கழியால் ஒரு முறை மெதுவாகக் கலக்கி மூடுங்கள்; அருகில் தீயோ பீடியோ கூடாது. 24 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை அப்படியே விடுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாளே போதும். மார்கழியில் இரண்டு நாள். அதற்கு மேல் வைத்தால் கசடு அழுகி மிதக்கத் தொடங்கும், வடிப்பது கடினமாகிவிடும்.

இரண்டாம் படி: வடித்தல்

மணல் படுகை இருந்தால் அதன்மேல் பரப்பி, அடிக்குழாயில் வரும் நீரைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் கசடு வடிக்கும் துணிப்பை. நீர் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வர வேண்டும். கலங்கலாக இருந்தால் இன்னொரு முறை. கலங்கலில் படிகம் வளராது. வளர்ந்தாலும் சேற்றோடு சேர்ந்து பிரிக்க முடியாமல் போகும். ஏறத்தாழ 1,000 லிட்டர் தெளிநீர் கிடைக்கும்.

மூன்றாம் படி: அளத்தல்

மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் பாஸ்பேட் சோதனைப் பெட்டி போதும். அது குறைந்த அளவுகளுக்கானது. ஆகவே 20 மில்லி வடிநீரில் சுத்த நீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, அதை அளந்து, வரும் எண்ணை 50-ஆல் பெருக்குங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நான் விழுந்த பள்ளம். ஒரே பொருளுக்கு மூன்று கணக்கு உண்டு. சோதனைப் பெட்டி பெரும்பாலும் பாஸ்பேட்டைக் காட்டும். வேதியியல் கணக்கு பாஸ்பரஸ் தனிமத்தில் போடப்படும். உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் மணிச்சத்தோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. ஒரு கிராம் பாஸ்பரஸ் என்பது 3.07 கிராம் பாஸ்பேட்; 2.29 கிராம் மணிச்சத்து. முதல் தொகுதியில் நான் பெட்டி காட்டிய எண்ணையே பாஸ்பரஸ் என்று எடுத்துக்கொண்டு மூன்று மடங்கு மக்னீசியம் ஊற்றிவிட்டேன். படிகம் வந்தது, ஆனால் வாங்கி வந்த சரக்கில் இரண்டு பங்கு வீணாகச் சாக்கடைக்குப் போனது.

எடுத்துக்காட்டு: பெட்டி 5 காட்டுகிறது. 50-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 250 மில்லிகிராம் பாஸ்பேட். 3.07-ஆல் வகுத்தால் சுமார் 80 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஆயிரம் லிட்டரில் 80 கிராம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் பாஸ்பரஸுக்குக் கீழ் வந்தால் அன்றைய உழைப்புக்கு ஈடு கிடைக்காது என்பது என் அனுபவம். கசட்டைத் திருப்பி விட்டு, அடுத்த முறை கஞ்சியைக் கூட்டுங்கள்.

நான்காம் படி: கசப்பு நீர்

பாஸ்பேட் இருக்கிறது, ஓரளவு அம்மோனியாவும் இருக்கிறது. குறைவது மக்னீசியம். கடையில் எப்சம் உப்பு வாங்கலாம். செலவு தொகுதிக்குத் தொகுதி ஏறும். ஆனால் நம் கடற்கரையில் மக்னீசியம் கொட்டிக் கிடக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து இறுகும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகு சாப்பாட்டு உப்பு. உப்பை வாரியபின் எண்ணெய் போல வழவழவென்று, நாக்கில் பட்டால் முகம் சுளிக்க வைக்கும் கசப்போடு ஒரு நீர் எஞ்சும். உப்பளக்காரர்களுக்கு அது வேண்டாத பொருள். அது கலந்தால் உப்பு கசந்து ஈரம் இழுக்கும். நமக்கோ அதுதான் மூலதனம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம். உப்பு நீரின் அடர்த்தியைக் காட்டும் பாமே அளவியில் 29 டிகிரியைத் தாண்டிய கசப்பு நீரில் 30 முதல் 50 கிராம் வரை. இன்னொரு நன்மை, கால்சியம் ஜிப்சமாக முன்பே கழிந்துவிட்டது. இது சிறிய விஷயம் இல்லை. கடினநீர் உள்ள இடங்களில் கால்சியம் முந்திக்கொண்டு பாஸ்பேட்டைப் பிடித்தால், படிகத்துக்குப் பதிலாக வடிக்கவே முடியாத வெள்ளைக் குழம்புதான் கிடைக்கும். இதனால்தான் காரத்தன்மையை உயர்த்த ஒருபோதும் சுண்ணாம்பு போடக் கூடாது.

கேட்டு வாங்குங்கள், பாத்தியில் இறங்கி அள்ளாதீர்கள். உப்புக்காலம் முடிந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால் எல்லாம் கரைந்து போகும். ஆகவே வெயில் காலத்திலேயே நான்கைந்து பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு டிரம் ஒரு மாதத்தில் ஓட்டையாகிவிடும். ஒவ்வொரு கேனையும் ஒரு முறை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து மக்னீசிய அளவைக் கேட்டு, கேன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அளவு: பாஸ்பரஸ் எடையை 0.94-ஆல் பெருக்கினால் வேண்டிய மக்னீசியம் வரும். இதில் இருபது சதவீதம் கூடுதலாகவே சேர்த்திருக்கிறேன். 80 கிராமுக்கு 75 கிராம். லிட்டருக்கு 40 கிராம் உள்ள கசப்பு நீர் என்றால் 1.9 லிட்டர். அதையே எப்சம் உப்பில் கொடுக்க 760 கிராம் வேண்டும். கடல்நீரில் கொடுக்க 58 லிட்டர். கடல்நீர் இலவசம்தானே என்று தோன்றும். ஆனால் 58 லிட்டர் கடல்நீரோடு இரண்டு கிலோ உப்பும் உங்கள் நிலையத்துக்குள் வரும். அந்த நீர் பிறகு தோட்டத்துக்குப் போகிறது என்றால் செடி கருகும். கசப்பு நீரில் அந்தச் சுமை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

ஐந்தாம் படி: படிய வைத்தல்

வடிநீரை அடி கூம்பிய தொட்டிக்கு மாற்றுங்கள். அடியில் வால்வு. கூம்புத் தொட்டி இல்லாவிட்டால் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து வைத்தும் செய்யலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

அம்மோனியா குறைவாக இருந்தால் படிகம் பிடிக்காது. அதற்கு எங்கள் வழி, தண்ணீர் ஊற்றாத சிறுநீர்க் கழிப்பிடத்திலிருந்து பிடித்து, மூடிய கேனில் மூன்று வாரம் வைத்த சிறுநீர். அதற்குள் யூரியா அம்மோனியாவாக மாறி, பி.எச். 9-ஐ ஒட்டி வந்திருக்கும். 50 லிட்டர் சேர்த்தால் அம்மோனியாவும் கிடைக்கும், காரத்தன்மையும் ஏறும், கொஞ்சம் பாஸ்பேட்டும் கூடும். சேர்த்தபின் மறுபடி அளந்து மக்னீசியக் கணக்கைத் திருத்துங்கள்.

இனி ஒரு மணி நேரம் காற்றடியுங்கள். கரைந்திருக்கும் கரியமில வாயு பறந்து, பி.எச். தானாக ஏறும். 8.5 முதல் 8.8 வரை வேண்டும். எட்டாவிட்டால் காஸ்டிக் சோடாவை ஒரு பக்கெட் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, அந்தக் கரைசலைச் சேருங்கள். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். 9.2-ஐத் தாண்ட விடாதீர்கள். அம்மோனியா வாயுவாகக் கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், உரத்திலும் குறையும்.

காற்றை நிறுத்துங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல, முந்தைய தொகுதியின் படிகப் பொடியில் இரண்டு கைப்பிடி போடுங்கள். முதல் முறை செய்பவர்களிடம் இது இருக்காது. பரவாயில்லை, பொடி நுண்மையாக வரும், அவ்வளவுதான். கசப்பு நீரை மெல்லிய ஒழுக்காகப் பதினைந்து நிமிடம் ஊற்றிக்கொண்டே துடுப்பால் மெதுவாகக் கலக்குங்கள். ஊற்றி முடித்தபின்னும் முக்கால் மணி நேரம் கலக்குங்கள். படிகம் உருவாகும்போது பி.எச். இறங்கும், இடையில் இரு முறை பார்த்துத் திருத்துங்கள்.

ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் அள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குள் நீருக்குள் ஊசிப்பொடி போல மினுமினுப்பு ஓடும். குவளையை வைத்தால் அடியில் ரவை போல இறங்கும். விரல் இடுக்கில் தேய்த்தால் நறநறவென்று கடற்கரை மணலாக இருக்க வேண்டும். வழவழவென்று மாவாக இருந்தால் கால்சியம் புகுந்துவிட்டது. கைப்பெருக்கியில் பார்த்தால் சவப்பெட்டி மூடி வடிவில் சாய்ந்த ஓரங்களோடு தெரியும். அதுதான் ஸ்ட்ரூவைட்டின் முத்திரை.

இரண்டு மணி நேரம் அசையாமல் விட்டு, அடி வால்வைத் திறந்து இரட்டைக் காடாத் துணிப் பையில் பிடியுங்கள். நேபாளத்தின் சித்திபூரில் சிறுநீரிலிருந்து ஸ்ட்ரூவைட் எடுத்தவர்களும் துணிப்பையைத்தான் நம்பினார்கள். விலை உயர்ந்த வடிகட்டி எதுவும் தேவையில்லை. மேல்நீரை மறுபடி அளந்து பாருங்கள். லிட்டருக்கு 80 இருந்தது 15-க்கு வந்திருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. அந்த நீர் நிலையத்தின் தொடக்கத் தொட்டிக்கே திரும்பட்டும்.

ஆறாம் படி: உலர்த்தல்

பையோடு நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசிப் பிழிந்து, நிழலில் தட்டில் பரப்புங்கள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போடத் தோன்றும், போடாதீர்கள். 55 டிகிரியை நெருங்கினால் படிகம் அம்மோனியாவையும் நீரையும் விட்டு உடையத் தொடங்கும். மே மாதத் தளம் அந்தச் சூட்டை எளிதாக எட்டும். காற்றோட்டமான கொட்டகையில் மூன்று நாள் போதும். 80 கிராம் பாஸ்பரஸில் ஐந்தில் நான்கு பங்கு படிந்தாலே அரை கிலோ பொடி கையில் இருக்கும்.

கிருமி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் துணியில் படிகத்தோடு சேர்ந்து தங்கக்கூடும். உருண்டைப்புழு முட்டை நீண்ட நாள் தாங்கும். நன்கு காய்ந்த பொடியை ஓராண்டு மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்துகிறோம். பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்குப் போடுவதில்லை.

எஞ்சிய கசடு

வடித்த கசட்டில் இன்னும் பெரும்பகுதிச் சத்து இருக்கிறது. ஒரு பங்கு கசடுக்கு மூன்று பங்கு கரும்புச் சோகை, முந்திரிச் சருகு, தென்னைநார்க் கழிவு என்று அடுக்கி, குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் இரண்டு வாரம் நிற்குமாறு புரட்டிப் புரட்டி மட்கச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கன உலோகப் பரிசோதனை அவசியம். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மட்கு உரத்துக்கு வைத்திருக்கும் வரம்பை அளவுகோலாகக் கொள்ளலாம்: கிலோவுக்கு காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. அந்த ஆணையின்படி அனுமதி பெறாமல் எதையும் உரம் என்று விற்க முடியாது. ஆகவே இந்த முறை சொந்த நிலத்துக்கும் விடுதித் தோட்டத்துக்கும்தான்.

வயலில்

முதலில் மண் பரிசோதனை. புதுச்சேரிக்காரர்களுக்குக் குருமாம்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தாருக்கு விருத்தாசலத்தில். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று வந்தால் போடாதீர்கள். நீங்கள் ஏரியிலிருந்து காப்பாற்றியது மறுபடி ஏரிக்கே போகும்.

ஸ்ட்ரூவைட் தண்ணீரில் மிக மெதுவாகக் கரையும். வேர் விடும் அமிலமும் மண்ணின் புளிப்பும்தான் அதைக் கரைக்கின்றன. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில், முந்திரிக்கும் பலாவுக்கும், குழியில் வேர் படும் இடத்தில் கலந்து புதைத்தால் நன்றாக வேலை செய்கிறது. மழையில் அடித்துப் போகாதது அந்த மணற்பாங்கான மண்ணுக்குப் பெரிய லாபம். காரத்தன்மை மிகுந்த களிமண்ணில் படிகத்தை நன்றாகப் பொடித்து, அடியுரமாக உழவோடு கலக்க வேண்டும். மேலுரமாகத் தூவினால் பயிர் அறுவடைக்கு வந்த பிறகுதான் அது கரையும்.

நெல்லுக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து என்று கொண்டால் ஸ்ட்ரூவைட் 70 கிலோ வேண்டும். சென்ட்டுக்கு 700 கிராம். வாரத்துக்கு ஒரு தொகுதி, மழை மாதம் மூன்றையும் விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 கிலோ எங்களுக்குக் கிடைக்கும். கால் ஏக்கருக்குப் போதும். முந்நூறு பேர் விடுதியில் இவ்வளவுதானா என்று பாகூரில் நிலம் வைத்திருக்கும் என் மைத்துனர் கேட்டார். வருகிற கசட்டில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே இப்படிச் செய்கிறோம். மீதி மட்கு உரமாக அதே வயலுக்குத்தான் போகிறது என்றேன். அவர் தன் மரக்கன்றுகளுக்கு முதலில் இரண்டு கிலோ எடுத்துப் போனார். நாற்றங்காலுக்கு மட்டும் டி.ஏ.பி.யை முழுவதும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். இளநாற்றுக்கு உடனே கிடைக்கும் சத்து கொஞ்சமாவது வேண்டும்.

ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் தொட்டியின் சுவரையும் வால்வையும் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஓர் இரவு நிறுத்தி வைத்தால் இளகிவிடும். கரைந்த நீரை அடுத்த தொகுதியின் வடிநீரோடு சேர்த்தால் அதிலுள்ள பாஸ்பேட்டும் வீணாகாது. உலர்ந்த பொடியை மூட்டை கட்டுமுன் இரண்டு கைப்பிடி எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, தேதி எழுதுங்கள். அது அடுத்த வாரத்து உறை.